நாற்பத்து மூன்றாவது பெண்

இறால் கம்பெனியில் வேலை பார்த்த நாற்பத்திரண்டு பெண்கள் தங்கள் நினைவில் இருந்ததையெல்லாம் சொன்னார்கள். அதைச் சேர்த்து நாங்கள் கம்ப்யூட்டரில் ஒரு பெண்ணைச் செய்தோம். அவளுக்கு உடம்பு கிடையாது, குரல் மட்டும்தான். எது கேட்டாலும் அந்த ஷெட்டில் இருபது வருடம் இறால் உரித்தவள் மாதிரி பதில் சொல்வாள்.

"எங்களோட சேத்தா இவ நாப்பத்திமூணாவது ஆளுல்லா" என்றாள் அவர்களில் ஒருத்தியான லூர்தம்மா. அன்றிலிருந்து அதுவே அவளுக்குப் பெயரானது.

தூத்துக்குடிக்குத் தெற்கே உள்ள கடற்கரை ஊர் அது. இறால் உரிக்க மெஷின் வந்த பிறகு கம்பெனி மூடிக் கிடந்தது. அந்த ஷெட்டைத்தான் மியூசியமாக மாற்றிக்கொண்டிருந்தோம். எனக்கு ஊர் தருமபுரிப் பக்கம், பெயர் மாதையன். ஐடிஐ-யில் வயரிங் படித்தவன். மற்றதெல்லாம் வேலை பார்க்கும் இடத்தில் கற்றுக்கொண்டது. வலைக்கடைக்கு மேலே ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தேன். அந்த ஊரில் எனக்கு என்று பேச ஆள் கிடையாது. பகல் முழுக்க இந்தப் பெண்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்ததால் அது பெரிய குறையாகத் தெரியவில்லை.

மியூசியத்தை நடத்தியவர் சென்னையிலிருந்து வந்த இர்ஃபானா மேடம். ஆனால் அவர் நினைத்தது எதுவும் தனியாக நடக்காது. வேலை பார்த்த பெண்களில் பத்துப் பேர் கமிட்டியில் இருந்தார்கள். மேடம் ஷெட்டுக்குள் மஞ்சள் விளக்குப் போட்டுப் பார்த்தார். கமிட்டி அதைக் கழற்றச் சொன்னது.

"கல்யாண வீடா இது? டியூப் லைட்டப் போடச் சொல்லுங்க. குளுரும் வேணும். பாக்க வர்றவன் அஞ்சு நிமிசம் ஐஸ் தண்ணிக்குள்ள கைய விட்டுட்டுப் போகட்டும். அப்பத்தான் தெரியும்" என்றாள் லூர்தம்மா.

மேடம் கேட்டுக்கொண்டார். ஏசி பழையபடி பதினாறு டிகிரிக்கு வந்தது.

குரலைப் பற்றியும் லூர்தம்மாதான் முதலில் கேட்டாள்.

"ஏ தருமபுரி, நான் சொன்னத இவ தன் கதையாட்டம் சொல்லுதாளே?"

"நீங்க 'நான்'னு சொன்னது அவ வாயிலயும் 'நான்'னுதான் வரும்க்கா. அடுத்தவங்களப் பத்திச் சொன்னது, அவங்க பேரோட வரும்."

"அப்ப எம் மாமியாளப் பத்திச் சொன்னதெல்லாம்?"

"மாமியார் பேரோடதான் வரும்."

"வரட்டும், நல்லா வரட்டும். நாலு பேரு கேக்கட்டும்."

எல்லாரும் சிரித்தார்கள். பிச்சைக்கனியும் சிரித்தாள்.

பிச்சைக்கனிக்கு வயது ஐம்பத்தொன்பது. கமிட்டியில் அதிகம் பேசாதவள். ஒரே ஒரு விஷயத்தில்தான் பிடிவாதம் பிடித்தாள். ஒருமுறை குரலுக்குள் சேர்ந்ததை யாரும் அழிக்கக் கூடாது. யாராவது அழிக்கக் கேட்டால், எதை, ஏன் அழிக்க வேண்டும் என்று கமிட்டியில் எழுந்து நின்று சொல்ல வேண்டும். புதிதாக ஏதாவது சேர்ப்பதானாலும் முதலில் கமிட்டி கேட்க வேண்டும். அந்த விதியை அவள்தான் கொண்டுவந்தாள். அதற்குக் காரணம் இருந்தது.

இருபத்திநாலு வருடத்துக்கு முன்னால் அந்த ஷெட்டில் அமோனியா கசிந்தது. சகாயமேரி என்கிற பத்தொன்பது வயதுப் பெண் பூட்டிக் கிடந்த பின்கதவுக்குப் பக்கத்தில் செத்துப்போனாள். அடுத்த நாள் கம்பெனி வருகைப் பதிவேட்டை மாற்றி எழுதியது. சகாயமேரி அன்றைக்கு வேலைக்கே வரவில்லை என்று இருந்தது. பிச்சைக்கனி மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு போய் கேஸ் போட்டு, ஆறு வருடம் கோர்ட்டுக்கு அலைந்து, அந்தப் பெயரைத் திரும்ப எழுத வைத்தாள்.

சகாயமேரியின் தங்கை ஜெசிந்தாவும் கமிட்டியில் இருந்தாள், செத்தவளின் வீட்டு ஆளாக. பெண்கள் பள்ளியில் டீச்சர். அக்கா சாகும்போது அவளுக்குப் பத்து வயது. அடுத்த வருடமே அம்மாவும் போய்விட்டாள். வளர்த்தது பிச்சைக்கனி. பிச்சைக்கனிக்குப் பிள்ளை கிடையாது. ஜெசிந்தா அவளைச் சித்தி என்று கூப்பிடுவாள். பள்ளி விட்டதும் நேராக அவள் வீட்டுக்குப் போய் டீ குடித்துவிட்டுத்தான் தன் வீட்டுக்குப் போவாள்.

திறப்பு விழாவுக்குப் பத்து நாள் இருந்தது. கமிட்டிப் பெண்களும் குரல் கொடுத்தவர்களும் எப்போது வேண்டுமானாலும் வந்து குரலிடம் பேசிப் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தோம். ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் பிச்சைக்கனி தனியாக வந்தாள். நான் மூலையில் ஒரு வயரைச் சரி செய்துகொண்டிருந்தேன். என்னைக் கவனித்தாளா என்று தெரியவில்லை. குரல் வரும் தூணுக்கு முன்னால் போய் நின்றாள். பிறகு கேட்டாள்.

"அன்னைக்கி பின்கதவ யாரு பூட்டுனா?"

"பிச்சைக்கனிதான் பூட்டுனா" என்றது குரல். இறால் விலை சொல்கிற மாதிரிச் சாதாரணமாகச் சொன்னது. "அவ மேச கதவுப் பக்கம். பத்து மணிக்கு டிரே கதவுல இருந்துச்சு. பத்தேகாலுக்கு மேசைக்கு அடியில கெடந்துச்சு. ஆசுபத்திரியில அவ வலது கை நகம் நசுங்கி இருந்துச்சு. அந்தத் தாழ்ப்பாள் இறுகும். அதப் பூட்டுனா நகம் நசுங்காம இருக்காது."

நான் எழுந்து நின்றேன். அவள் திரும்பிப் பார்த்தாள்.

"தம்பி, இத யாரு சொன்னா?"

ஓடிப்போய்க் கம்ப்யூட்டரில் பார்த்தேன். "இப்படி யாருமே சொல்லலக்கா."

"பின்ன?"

"டிரே மேசைக்கு அடியில கெடந்தத எஸ்தரக்கா சொல்லியிருக்காங்க. யார் மேச எங்கன்னு படம் போடுறப்ப எல்லாரும் சொன்னது. தாழ்ப்பாள் இறுகுறது வேற ரெண்டு பேரு. நகம் லூர்தம்மாக்கா. ஆசுபத்திரியில நகம் நசுங்கிக் கெடந்தப்பவும் நீங்க எல்லாருக்கும் தண்ணி கொண்டாந்து குடுத்தீங்கன்னு, உங்களப் பெருமையாச் சொல்லத்தான் அதச் சொன்னாங்க. ஆளுக்கு ஒரு துண்டு. சேத்தது இவ."

பிச்சைக்கனி ஒரு டிரேயைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஆமா தம்பி. நாந்தான் பூட்டுனேன்."

அவள் சொன்னது இதுதான். ஐஸில் கிடந்த இறாலைத் தொடர்ந்து உரித்தால் விரல் மரத்துவிடும். அதனால் பின்கதவில் ஒரு டிரேயை முட்டுக் கொடுத்துத் திறந்து வைத்திருப்பார்கள். ஒவ்வொருத்தியாகப் போய் இரண்டு நிமிடம் வெயிலில் கையை நீட்டிவிட்டு வருவாள். வெயில் முறை என்று அதற்குப் பெயர். முறை தப்பி யாரும் போக மாட்டார்கள். குளிர் வெளியே போகிறது என்று சூப்பர்வைசர் கத்துவான். ஆனாலும் விட்டுவிடுவான். அன்றைக்கு இறால் வாங்குகிற வெளிநாட்டு பையர் வந்திருந்தான். கதவு திறந்திருப்பதைப் பார்த்தால் ஆர்டர் போய்விடும் என்று சூப்பர்வைசர் மூடச் சொன்னான். கதவுக்குப் பக்கத்தில் இருந்தவள் பிச்சைக்கனி.

"அடுத்த முற சகாயத்துக்குத்தான். 'யக்கா, வெரலு இருக்கான்னே தெரியல, ஒரு நிமிசம் தெற'ன்னு சொன்னா. பையர் போவட்டும் தாயின்னு சொன்னேன். அதுக்குள்ள அமோனியா கேஸு வந்துட்டு. நாங்க எல்லாரும் முன்கதவுக்கு ஓடுனோம். அவ பின்னால ஓடியிருக்கா. எப்பவும் தெறந்து கெடக்குற கதவுல்லா. காலு பழகிப்போச்சு."

"விசாரணையில?"

"கம்பெனிக்காரன் பூட்டிட்டான்னு எல்லாரும் சொன்னோம். அவன் சொல்லித்தான பூட்டுனேன், பொய்யில்லன்னு நெனச்சுக்கிட்டேன். இருபத்திநாலு வருசமா அதத்தான் நெனச்சுக்கிட்டு இருக்கேன்."

 "திறப்பு விழாவுக்கு ஜெசிந்தா டீச்சர் தன் கிளாஸைக் கூட்டிட்டு வர்றாங்க" என்றேன்.

"அதத்தான தம்பி நானும் நெனைக்கேன். ஏதாவது ஒரு பிள்ள கேக்கும். இவ எம் பேரச் சொல்லுவா. ஜெசி பக்கத்துல நிப்பா. பொறவு அவ என்னச் சித்தின்னு கூப்புடுவாளா?"

பிறகு அவளே கேட்டாள். "இத எடுக்க முடியாதா?"

"கமிட்டியில எழுந்து சொல்லணும்க்கா, எதை எடுக்கணும், ஏன் எடுக்கணும்னு. சொன்னா அங்கயே தெரிஞ்சிரும்."

"நான் வச்ச விதி" என்று சொல்லிச் சிரித்தாள். பார்க்கச் சகிக்கவில்லை.

நான் குரலைத் தாழ்த்தினேன். "அக்கா, நான் எடுத்துரலாம். அந்த நகத்தை மட்டும் எடுத்தாப் போதும். இவளுக்குச் சேத்துப் பாக்கத் தெரியாது. யாருக்கும் தெரியாது."

சொல்லும்போது அது பெரிய தப்பாகத் தோன்றவில்லை. ஒரு வயரைக் கழற்றி விடுவது மாதிரிதான் இருந்தது. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"கம்பெனிக்காரனுவளும் ஒரே ஒரு வரியத்தான் மாத்துனானுவ" என்றாள். "வேண்டாம்."

எனக்கு வெட்கமாகப் போனது.

"வேற வழி இல்லியா?"

"ஒண்ணு இருக்குக்கா. நீங்களே சொல்லிட்டா, நீங்க சொன்னதத்தான் இவ எடுத்துக்குவா. அப்ப உங்க பேரு வராது. 'நான்'னு வரும். நாப்பத்திரெண்டு பேருல யாருன்னு வர்ற ஆளுக்குத் தெரியாது. ஆனா சேக்குறதுக்கு முன்னாடி கமிட்டி கேக்கும்."

"ஜெசியும் கேப்பா."

"ஆமாங்க்கா."

சொல்லாமல் இருந்தால் ஊரே கேட்கும். சொன்னால் ஜெசிந்தா கேட்பாள். பிச்சைக்கனி முகத்தைச் சேலையால் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள்.

மூன்று நாள் அவள் வரவில்லை. நான்காம் நாள் காலையில் வந்து, பதிவு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஏழு நிமிடம் பேசினாள். வெளியே வந்து, "கூட்டத்தப் போடச் சொல்லு" என்றாள்.

அன்று சனிக்கிழமை, சாயங்காலமே கமிட்டி கூடியது. பழைய மேசைகளில் ஒன்றைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்தார்கள். ஜெசிந்தா விடைத்தாள் கட்டோடு வந்திருந்தாள். பிச்சைக்கனி அவளுக்கு எதிரே உட்காராமல், அவள் பார்வை படாத ஓரத்தில் உட்கார்ந்தாள். நான் பதிவை ஓட விட்டேன். ஏழு நிமிடமும் கேட்டார்கள். 

லூர்தம்மாதான் முதலில் பேசினாள்.

"எனக்குத் தெரியும்ட்டி."

பிச்சைக்கனி நிமிர்ந்தாள்.

"இவகிட்ட மொத நாளே அதத்தான் கேட்டேன். சொல்லிட்டா. கேட்டுட்டு வாய மூடிக்கிட்டுப் போயிட்டேன்."

"நானும் கேட்டேன்" என்றாள் எஸ்தர். மற்றவர்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். நான் அன்றைக்குப் பின்னால் கணக்கெடுத்துப் பார்த்தேன். நாற்பத்திரண்டு பேரில் இருபத்தொன்பது பேர் குரலிடம் முதலில் கேட்ட கேள்வி அந்தக் கதவைப் பற்றித்தான். ஒவ்வொருத்தியும் தனியாக வந்து கேட்டிருக்கிறாள். யாரும் யாரிடமும் சொல்லவில்லை.

"பூட்டுட்டி, பூட்டுட்டின்னு கத்துனது யாரு?" லூர்தம்மாவின் குரல் ஏறியது. "நான் கத்துனேன். எனக்கு அந்த வேல போனா அடுப்பு எரியாது. நீ எந்திரிக்க யோசிச்ச. நான் ஒன் முதுகுல கையக் குடுத்துத் தள்ளுனேன். அத நான் இந்த மைக்குல சொல்லல. நகத்தச் சொன்னேன், தள்ளுனதச் சொல்லல. இத்தன வருசமா நீ மட்டும் சொமந்துக்கிட்டு அலைஞ்ச."

"விடுங்கக்கா" என்றாள் பிச்சைக்கனி மெதுவாக. "கை என்னோடதுதான."

இர்ஃபானா மேடம் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். "தப்பு எங்க மேலயும் இருக்கு. ஞாபகத்தத் துண்டு துண்டா குடுங்கன்னு கேட்டோம். அதெல்லாம் ஒண்ணு சேந்தா என்ன ஆகும், உங்களுக்குச் சம்மதமான்னு கேக்கவே இல்ல. ஒவ்வொருத்தர்கிட்டயும் கையெழுத்து வாங்கினேன். எல்லாரும் சேந்த ஒருத்திக்கு யார்கிட்ட கையெழுத்து வாங்கறதுன்னு நான் யோசிக்கல."

"இப்ப யோசிச்சு என்ன மேடம்" என்றாள் எஸ்தர்.

மேடம் பேனாவை மறுபடி எடுத்தார். வழக்கமாகக் கேட்பதைத்தான் கேட்டார். "இந்தப் பதிவைச் சேக்கறதுல யாருக்காவது மறுப்பு இருக்கா?"

"எனக்கு இருக்கு."

ஜெசிந்தாதான்.  பிச்சைக்கனி கண்ணை மூடிக்கொண்டாள். அவள் கை மேசை விளிம்பைப் பிடித்திருந்தது.

"சித்தி சொன்னதுல ஒண்ணு தப்பு" என்றாள் ஜெசிந்தா. "அக்கா பழக்கத்துல பின்னால ஓடல."

யாருக்கும் புரியவில்லை.

"பின்ன எதுக்குட்டி ஓடுனா?" என்றாள் லூர்தம்மா.

   ஜெசிந்தா விடைத்தாள்களைச் சேர்த்து அடுக்கினாள். அடுக்கியதையே மறுபடியும் அடுக்கினாள். "நானும் அதுல பேசணும்" என்றாள்.

"நீங்க இங்க வேலை பாக்கலியே டீச்சர்" என்று சொல்லிவிட்டேன். எனக்கே தெரியும், முட்டாள்தனம். லூர்தம்மா என்னைப் பார்த்த பார்வையில் நான் ஒரு அடி பின்னால் போனேன்.

ஜெசிந்தா எழுந்து பதிவு அறைப் பக்கம் நடந்தாள். பாதி வழியில் நின்று திரும்பினாள்.

"சித்தி, நீங்களும் வாங்க. தனியா என்னால முடியாது."

பிச்சைக்கனி எழுந்து அவள் பின்னால் போனாள்.

பதிவு அறைக்குக் கண்ணாடிக் கதவு. நான் மைக்கை ஆன் செய்து கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். ஹெட்போனை மாட்டினால் உள்ளே பேசுவது எனக்குக் கேட்கும். மாட்டவில்லை. ஜெசிந்தா தரையைப் பார்த்துப் பேசுவது தெரிந்தது. பிச்சைக்கனி முதலில் தள்ளித்தான் உட்கார்ந்திருந்தாள். அப்புறம் ஒரு கட்டத்தில் இரண்டு கையாலும் ஜெசிந்தாவின் வாயைப் பொத்தினாள், போதும் என்கிற மாதிரி. ஜெசிந்தா அந்தக் கைகளை விலக்கிவிட்டு மிச்சத்தையும் சொன்னாள்.

இருவரும் வெளியே வந்ததும் மேடம் என்னைப் பார்த்தார். விதிப்படி அதையும் கமிட்டி கேட்க வேண்டும். நான் பட்டனில் கை வைத்தேன்.

"வேண்டாம்" என்றாள் லூர்தம்மா.

"விதி இருக்குக்கா" என்றேன்.

"விதி எங்க விதி. அந்தப் பிள்ள மொகத்தப் பாத்தியா? கேக்காமயே சேத்துரு. எல்லாரும் கையத் தூக்குங்கட்டி."

தூக்கினார்கள். மேடமும் தூக்கினார். பிச்சைக்கனி போட்ட விதியை அந்தக் கமிட்டி மீறியது அந்த ஒரு தடவைதான்.

திறப்பு விழாவில் பேசியவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. மேளம் வேண்டாம் என்று கமிட்டி சொல்லிவிட்டது. பேசியவர்கள் போன பிறகு முதல் கூட்டமாகப் பள்ளிப் பெண்கள் வந்தார்கள், முப்பது பேர். ஐஸ் தொட்டியில் கையை விட்டுக் கூச்சல் போட்டார்கள். "எடுக்காத, எடுக்காத, இன்னும் நேரம் இருக்கு" என்று லூர்தம்மா விரட்டிக்கொண்டிருந்தாள். பிச்சைக்கனி கை துடைக்கத் துண்டு கொடுத்துக்கொண்டிருந்தாள்.

குரல் தூணுக்கு முன்னால் வரிசை நின்றது. ஜெசிந்தா பக்கத்தில் நின்று ஒவ்வொருத்தியாக அனுப்பினாள். மூன்றாவதாக வந்த பெண், சுவரில் விபத்தைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்துவிட்டு வந்திருக்க வேண்டும்.

"அன்னைக்கு அந்தக் கதவ யாரு பூட்டுனாங்க?"

பிச்சைக்கனி துண்டோடு அப்படியே நின்றாள். நானும் நின்றேன். ஜெசிந்தா அன்றைக்கு அறைக்குள் என்ன சொன்னாள் என்று எனக்கும் தெரியாது.

"நாந்தான் பூட்டுனேன்" என்றது குரல். "பையர் போனதும் தெறந்துருவோம்னு நெனச்சேன். நாந்தான் வெளிய நின்னு தட்டுனேன். எனக்குப் பத்து வயசு. இண்டர்வெல் விட்டதும் தெனமும் சந்து வழியா ஓடி வருவேன். அக்கா தன் முறைக்கி வெளிய வந்து, ஐஸ் கைய எங் கன்னத்துல வச்சு அழுத்துவா. அன்னைக்கிக் கதவு தெறக்கல. 'நீ பள்ளிக்கூடத்துக்குப் போட்டி, இன்னைக்கி முடியாது'ன்னு உள்ள இருந்து சத்தம் குடுத்தா. நான் போவல. நீ வந்தாத்தான் போவேன்னு தட்டிக்கிட்டே நின்னேன். கேஸு வந்தப்ப எல்லாரும் முன்னால ஓடுனோம். அவ பின்னால ஓடுனா. நான் அங்கன நிக்கேன்னு அவளுக்குத் தெரியும்."

இடையில் குரல் எங்கும் மாறவில்லை. பூட்டியவளுக்கும் தட்டியவளுக்கும் ஒரே குரல், ஒரே நிதானம். அப்படித்தான் நாங்கள் செய்திருந்தோம். அதற்கு முன்னால் நூறு தடவை கேட்டிருப்பேன். அன்றைக்குத்தான் அது எனக்கு உறைத்தது.

அந்தப் பெண் நகரவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு ஜெசிந்தாவைப் பார்த்தாள்.

"டீச்சர், ஒரே ஆளு எப்படி டீச்சர் உள்ளயும் வெளியவும் நிப்பாங்க?"

ஜெசிந்தா ஷெட்டின் அந்தப் பக்கம் பார்த்தாள். பிச்சைக்கனியும் இந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நின்னாச்சு" என்றாள் ஜெசிந்தா. "இருபத்திநாலு வருசம் நின்னாச்சு. நீ நகரு, பின்னால பிள்ளையெல்லாம் காத்துக்கிட்டு நிக்குதுல்லா."

அந்தப் பெண் நகர்ந்தாள். அடுத்து வந்தவள் எம்பி நின்று, மத்தியானம் என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டாள்.